குருடாயில்

புது லாரிகள் யார்டுக்கு வந்த அன்று மானேஜர் ஒரு ஆட்டை அறுத்து, அதன் ரத்தத்தை ஆறு லாரிகளின் பம்பரிலும் தன் கையாலேயே தடவினார். கண் படாமல் இருக்குமாம். வெயிலில் அது கறுத்துக் காய்ந்து ஈ மொய்த்தது. துடைக்கக் கூடாது என்று உத்தரவு வேறு. மத்தியானச் சோறு எனக்கு இறங்கவில்லை. இப்போது நினைத்துப் பார்த்தால், அந்த யார்டில் அந்த வருஷம் நடந்த காரியங்களிலேயே சுத்தமானது அதுதான்.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் நடந்தது இது. துபாயில் எங்கே திரும்பினாலும் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்த காலம். அல் குசைஸ் பக்கம் எங்கள் கம்பெனியின் யார்டு இருந்தது. நான் ஒர்க்‌ஷாப் ஸ்டோரில் வேலை பார்த்தேன். ஸ்பேர் பார்ட்ஸ் எடுத்துக் கொடுப்பது, எந்த லாரிக்கு என்ன வேலை நடந்தது என்று எழுதி வைப்பது, லாரி ஏஜென்சிக்கு இங்கிலீஷில் கடிதம் அடிப்பது. தமிழ், இந்தி, இங்கிலீஷ், அரைகுறை அரபி எல்லாம் வாயில் வந்ததால் மானேஜருக்கும் டிரைவர்களுக்கும் நடுவில் நின்று பேசுகிற வேலையும் என் தலையில் விழுந்தது. ராமநாதபுரம் கடற்கரை ஊர்க்காரன் நான். தமிழ் டிரைவர்கள் எனக்கு வைத்த பெயர் பாய். நல்லது கெட்டது எதுவானாலும் முதலில் பாயிடம்தான் வருவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

மானேஜர், பனி பெய்கிற அரபு மலைநாடு ஒன்றிலிருந்து வந்தவர். நல்ல உயரம், நல்ல சட்டை, கையில் எந்நேரமும் ஜெபமாலை மாதிரி ஒரு மணிச்சரம். சிரித்துக்கொண்டேதான் பேசுவார். ஆளைக் கேவலப்படுத்தும்போதும் அதே சிரிப்புதான்.

கம்பெனிக்கு ஊருக்கு வெளியே ஒரு தார் பிளான்ட்டும் இருந்தது. ஜல்லியைச் சூடாக்க அங்கே பெரிய பர்னர் ஒன்று எரியும். அதற்கென்று மலிவான எண்ணெய் டேங்கரில் வந்து இறங்கும். பர்னர் ஆயில் என்போம். அதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. கொஞ்சம் டீசல் மாதிரி, கொஞ்சம் பழைய என்ஜின் ஆயிலைக் காய்ச்சி வடிகட்டின மாதிரி, மிச்சம் அல்லாவுக்கே வெளிச்சம். பற்ற வைத்தால் எரியும். சூடு காட்டுவதற்கு அது போதும்.

ஒருநாள் காலையில் மானேஜர் என்னைக் கூப்பிட்டு, இனிமேல் யார்டு டாங்கியில் பாதி டீசல், பாதி பர்னர் ஆயில் என்றார். நான் புது லாரிகளைக் காட்டினேன். ஏஜென்சிக்காரன் வந்து எங்களுக்கு அரைநாள் பாடம் நடத்தியிருந்தான். பழைய லாரிகள் எதைக் கொடுத்தாலும் குடிக்கும். மண்ணெண்ணெய் கலந்தாலும் ரெண்டு இருமல் இருமிவிட்டு ஓடும். இது வேறு ஜாதி. இன்ஜெக்டர் முனையில் இருக்கிற ஓட்டைகள் தலைமுடியைவிடச் சன்னமானவை. உள்ளே இருக்கிற பம்புக்குத் தனியாக வழுக்கெண்ணெய் கிடையாது. அதற்குள் ஓடுகிற டீசல்தான் அதற்கு எண்ணெயும். தூசியோ தண்ணீரோ கந்தகமோ கூடினால் பம்பு தன்னைத்தானே அரைத்துக்கொள்ளும். இதையெல்லாம் நான் ஒழுங்காகத்தான் சொன்னேன்.

மானேஜர் சிரித்தார். "மாசூத் என்றால் மாசூத்தான் பாய்" என்றார். அவர் ஊரில் டீசலுக்கும் மாசூத் என்றுதான் பெயர், குளிர்காலத்தில் வீட்டு அடுப்பில் எரிக்கிற எண்ணெய்க்கும் மாசூத் என்றுதான் பெயர். பனிக்காலத்தில் அவர் அப்பா வீட்டு அடுப்பு டாங்கியிலிருந்து குழாய் போட்டு உறிஞ்சி லாரிக்கு ஊற்றுவாராம். லாரி இருபது வருஷம் ஓடியதாம். "ஒரே தொட்டி, ஒரே எண்ணெய். மாஃபி முஷ்கில், ஒரு பிரச்சினையும் இல்லை. யல்லா, போ."

முழுப் பொய்யும் இல்லை அது. நல்ல வீட்டு எண்ணெயும் டீசலும் கூடப்பிறந்த பிள்ளைகள்தான். அவர் அப்பாவின் லாரி பழைய லாரி. அவர் வீட்டு எண்ணெயும் சுத்தமாக இருந்திருக்கலாம். ஆனால் எங்கள் பர்னர் ஆயில் எந்த வீட்டு அடுப்புக்கும் போகிற சரக்கு இல்லை. அது அவருக்கும் தெரியும். மிச்சமாகிற தொகையை முதலாளியிடம் தன் சாமர்த்தியமாகக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் விஷயம். நான் சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த ஆறு லாரிகளில் ஒன்றை ஓட்டியவர் சிவகங்கைப் பக்கத்துக்காரர். நாற்பதைத் தாண்டியவர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். கன்ஸ்ட்ரக்‌ஷன் சைட்டில் மண் சுமக்க வந்தவர், லீவு நாளெல்லாம் டிரைவிங் ஸ்கூலில் நின்று, ஆறு தடவை ஃபெயிலாகி, ஏழாவது தடவை ஹெவி லைசென்ஸ் வாங்கினார். வாங்கிய அன்று கேம்ப் முழுக்க லட்டு கொடுத்தார். புது லாரியின் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியதும் அவர்தான். அந்த லைசென்ஸை பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, அந்த உறையை இன்னொரு உறைக்குள் வைத்திருப்பார். அதை வைத்துத்தான் அவர் மண் சுமக்கிற ஆளிலிருந்து டிரைவர் ஆகியிருந்தார். மறுபடி மண்ணுக்குப் போவதை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

கலக்க ஆரம்பித்து நான்கைந்து நாளில் அவர் ஒரு தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு வந்தார். யார்டு பம்பில் பிடித்த எண்ணெய். தெளிந்த மஞ்சளாக இருக்க வேண்டியது, ஆறிப்போன, பால் விடாத கட்டன் சாயா நிறத்தில் இருந்தது. மூடியைத் திறந்தார். அழுகின முட்டை நாற்றம் அடித்தது.

"பாய், மோந்து பாருங்க. வண்டி ஏறவே மாட்டேங்குது. மிதிச்சா மொனகுது."

"மேல சொல்லிருக்கேண்ணே."

"எங்க வீட்டு மோட்டாருக்குக்கூட இதை ஊத்த மாட்டேன் பாய்."

"கம்முனு அடிச்சிட்டுப் போங்கண்ணே. பாத்துக்கலாம்."

அந்த முதல் நாளுக்குப் பிறகு நான் மேலே எதுவும் சொல்லியிருக்கவில்லை. பாட்டிலை வாங்கிக் கழிவு எண்ணெய் டிரம்மில் ஊற்றினேன். கையில் கொஞ்சம் பட்டது. சோப்புப் போட்டும் சாயங்காலம் வரை அந்த நாற்றம் போகவில்லை.

அடுத்த மாதம் அவர் சலாலாவுக்கு லோடு எடுத்துப் போனார். யார்டில் இரண்டு டாங்கியையும் நிரப்பிக்கொண்டுதான் கிளம்பினார். ஓமன் பாலைவனத்தின் நடுவே, மரமோ கட்டடமோ இல்லாத ஓரிடத்தில் என்ஜின் நின்றுவிட்டது. போன் போட்டார். மாற்று லாரி வரும், வண்டியை விட்டு எங்கேயும் போகாதே என்று மானேஜர் சொன்னார். மாற்று லாரி போய்ச்சேர இரண்டு நாள் ஆனது. ஜூலை மாதம். ஏசி கிடையாது, என்ஜின் ஓடினால்தானே ஏசி. வண்டிக்கு அடியில் நிழலில் படுத்துக் கிடந்திருக்கிறார். வழியில் போன ஒரு பாகிஸ்தான் பட்டாணி டிரைவர் தண்ணீரும் குப்பூஸ் ரொட்டியும் கொடுத்திருக்கிறான். அந்த இரண்டு நாளில் மானேஜர் என்னிடம் கேட்டதெல்லாம் லோடு பத்திரமாக இருக்கிறதா என்பதுதான்.

வண்டியைக் கட்டி இழுத்து வந்தார்கள். ஃபில்டரைக் கழற்றும்போது நான் பக்கத்தில் இருந்தேன். உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்க வேண்டிய காகிதம் முழுக்கக் கறுப்புச் சளி. விரலால் தொட்டால் நூலாக இழுத்தது. அடியில் தண்ணீர். கெட்டுப்போன மீன் குழம்பை நாள்கணக்கில் மூடி வைத்த மாதிரி ஒரு வீச்சம். மெக்கானிக்குகள் இரண்டு பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்கள். இன்ஜெக்டர் ஆறும் போச்சு, பம்பும் போச்சு. பம்பின் உலோகத் துகள் என்ஜின் வரை போயிருந்தது. ஏஜென்சிக்காரன் வந்து பார்த்தான். சாம்பிள் எடுத்துக்கொண்டு போனான். எரிபொருள் டீசல் இல்லை, வாரன்டி கிடையாது என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டான்.

அன்றைக்கே மானேஜர் கலப்பதை நிறுத்தினார். யார்டு டாங்கியைக் காலி செய்து கழுவச் சொன்னார். மற்ற ஐந்து லாரிகளின் ஃபில்டரையும் மாற்றி, பழையதை எல்லாம் சாக்கில் கட்டி யார்டுக்கு வெளியே கொண்டுபோய்ப் போடச் சொன்னார். சாக்கைக் கட்டியது நான்தான். எழுதி வைக்கிற புத்தகத்தில் இதை எழுத வேண்டாம் என்றார். நான் எழுதவில்லை.

முதலாளி அரபி, எப்போதாவதுதான் வருவார். புது லாரி, என்ஜின் போய்விட்டது, வாரன்டியும் இல்லை என்றதும் தன் ஆளை அனுப்பி யார் செய்த தப்பு என்று விசாரிக்கச் சொன்னார். ஒரு பெயர் வேண்டும் அவருக்கு. அந்தப் பெயர் மானேஜருடையதாக இருக்கப் போவதில்லை என்பது யார்டில் நாய்க்கும் தெரியும். டிரைவருடையதாக ஆனால் என்ன ஆகும் என்பதும் எல்லோருக்கும் தெரியும்: விசா கேன்சல், திரும்பி வர முடியாதபடி தடை, அந்த இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிற லைசென்ஸ் வெறும் அட்டை.

இந்த இடத்தில் என் கதையையும் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் நான் நல்லவன் மாதிரித் தெரிவேன். என் மனைவியையும் பெண் குழந்தையையும் அழைத்துக்கொள்ள அப்போதுதான் விசாவுக்கு எழுதிப் போட்டிருந்தேன். கம்பெனிக் கடிதம் ஒன்று வேண்டும். மூன்று வாரமாக அது மானேஜர் மேஜையில் கையெழுத்துக்குக் கிடந்தது. கேட்கும்போதெல்லாம் "புக்ரா, நாளைக்கு" என்பார். நாளைக்கும் சிரித்துக்கொண்டு புக்ரா என்பார்.

விசாரணை மானேஜர் அறையில் நடந்தது. முதலாளியின் ஆள் சோபாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அண்ணன் கதவுக்குப் பக்கத்தில் நின்றார். சட்டையை இஸ்திரி போட்டு, நெற்றியில் விபூதி வைத்து வந்திருந்தார். முகத்தில் வெயில் பட்டுத் தோல் உரிந்திருந்தது. பயப்படுகிற மாதிரித் தெரியவில்லை. யார்டு பம்பில் அடித்தேன் என்று சொன்னால் முடிந்தது, தன்மேல் தப்பில்லை என்று நம்பிக்கொண்டு வந்தவர். நான் மொழிபெயர்க்க நடுவில் நின்றேன்.

மானேஜர் இங்கிலீஷில் கேட்டார், கிளம்பும்போது வண்டியில் என்ன போட்டாய் என்று. நான் தமிழில் சொல்ல வாயெடுப்பதற்குள் அண்ணனே புரிந்துகொண்டுவிட்டார். மானேஜருக்கு நேராகவே பதில் சொல்லலாம், இங்கிலீஷிலேயே சொல்லலாம் என்ற சந்தோஷத்தில் நிமிர்ந்து நின்று சொன்னார்:

"க்ரூட் ஆயில் சார்! யார்டு பம்ப். ஃபுல் டேங்க்!"

மானேஜர் கையில் உருண்டுகொண்டிருந்த மணி நின்றது.

எங்கள் பக்கத்தில் டீசலுக்கு வயல்காட்டுப் பெயர் குருடாயில். கிணற்று மோட்டாருக்குக் குருடாயில், மீன்பிடி வல்லத்துக்குக் குருடாயில். க்ரூட் ஆயில் என்பது தேய்ந்து அப்படி ஆகியிருக்கிறது. டீசல் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்தான். ஆனால் வயசாளிகளும் மோட்டார் வைத்திருக்கிறவர்களும் குருடாயில் என்றுதான் கடையில் கேட்பார்கள். ஊரில் கடை வைத்திருந்த எங்கள் வாப்பா அந்தப் பெயரில்தான் அதை விற்றார். அண்ணன் பெரிய மனிதர்கள் முன்னால் பட்டிக்காட்டுப் பேச்சு பேசக் கூடாது என்று, அந்தச் சொல்லைத் தூசி தட்டி, அதன் இங்கிலீஷ் உடுப்பை மாட்டி நிறுத்தினார். அந்த உடுப்பில் அதற்கு வேறு அர்த்தம், சுத்திகரிக்காத கச்சா எண்ணெய் என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

"க்ரூட் என்றானா?" என்று மானேஜர் என்னைப் பார்த்தார். "மறுபடி கேள்."

நான் கேட்டேன். "அண்ணே, வண்டிக்கு என்ன அடிச்சீங்க?"

"அதான் சொன்னேனே பாய், குருடாயில்னு. நம்ம பம்புலதான் அடிச்சேன்."

மானேஜர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னுடைய கடிதம் அவர் கைக்குப் பக்கத்தில் இருந்தது. அதன்மேல் ஒரு டீ கிளாஸ் வைத்திருந்தார்.

"க்ரூட் ஆயில் என்கிறார் சார்" என்றேன்.

வார்த்தைக்கு வார்த்தை சரியான மொழிபெயர்ப்பு. அதில் ஒரு எழுத்து பொய் இல்லை. பொய் சொல்லியிருந்தால்கூடக் கொஞ்சம் தைரியம் தேவைப்பட்டிருக்கும். யார்டு பம்பு என்று அவர் இங்கிலீஷில் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை, தமிழில் மறுபடி சொன்னதை நான் விட்டுவிட்டேன்.

முதலாளியின் ஆள் சிரித்தார். எண்ணெய்க் கிணறு எங்கே வைத்திருக்கிறான் இவன் என்று அரபியில் கேட்டார். நியாயமான கேள்வி. வளைகுடா முழுக்கக் குழாயில் க்ரூட் ஓடினாலும் எந்த டிரைவருக்கு எந்தக் கடையில் அது கிடைக்கும்? ஒரு நிமிஷம் யோசித்தால் போதும். யோசித்தால் வேறு பெயரைத் தேட வேண்டியிருக்கும். வழியில் டீசலை விற்றுவிட்டு எதையோ ஊற்றியிருக்கிறான் என்றார் மானேஜர். மானேஜருடைய ஊர்ச்சொல் மாசூத் இரண்டு எண்ணெயை ஒன்றாக்கியது, லாரி செத்தது, அதற்குக் கேள்வி இல்லை. அண்ணனுடைய ஊர்ச்சொல் எதையும் கெடுக்கவில்லை. ஆனால் கலாஸ், கதை முடிந்தது, அதுவே வாக்குமூலம்.

இங்கிலீஷில் அதை அடித்தது நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டியதும் நான். என்ன எழுதியிருக்கு பாய் என்று கேட்டார். நீங்க சொன்னதுதாண்ணே என்றேன். தமிழில் பெயரைப் பெரிது பெரிதாக எழுதி, கீழே கோடு போட்டு, பேனாவை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். எல்லாம் சரியாகிவிடும்தானே என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

மத்தியானம் மூன்று மணிக்கு மானேஜர் என்னைக் கூப்பிட்டு என் கடிதத்தைக் கொடுத்தார். நான் கேட்கவே இல்லை. கையெழுத்துப் போட்டு, சீல் குத்தி, டீ கிளாஸ் வைத்த வட்டக் கறையோடு இருந்தது. "மப்ரூக், வாழ்த்துகள்" என்று முதுகில் தட்டினார். த்தூ என்று அங்கேயே துப்பியிருக்க வேண்டும். தேங்க்யூ சார் என்றேன்.

அண்ணனுக்கு ஐந்தாம் நாள் டிக்கெட். காலை பத்து மணிக்குக் கம்பெனி வேன் கேம்ப் வாசலுக்கு வந்தது. நான் போகாமல் இருக்கத்தான் நினைத்தேன். பாஸ்போர்ட்டை யார்டு ஆபீஸிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டிய ஆள் நான்தான் என்பதால் போக வேண்டியதாயிற்று. பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி முடித்திருந்தார். ரூமில் இருந்த நாலைந்து தமிழ்ப் பையன்கள் டியூட்டிக்குப் போயிருந்தார்கள். பாஸ்போர்ட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார். கோபமாக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவர் குழம்பிப்போய் நின்றார்.

"பாய், ஒண்ணு கேக்கணும். பஞ்சாபி மெக்கானிக் சொன்னான். நான் க்ரூட் ஆயில்னு சொன்னதுதான் தப்பாப் போச்சாமே? அது வேற எண்ணெயாமே?"

"ஆமாண்ணே. அது மண்ணுக்கு அடியிலேருந்து எடுக்குறது. வண்டிக்குப் போடுறது டீசல்."

"எங்க ஊர்ல எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க." பெட்டியின் கயிற்றை இழுத்துப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "நீங்களும் நம்ம பக்கம்தானே பாய். உங்க ஊர்ல அதுக்கு என்ன பேரு?"

வேன்காரன் ஹாரன் அடித்தான். சொல்லியிருக்கலாம். வேலை போனது போனதுதான். சொல்லியிருந்தால் அந்த மனிதர் என் சட்டையைப் பிடித்து நாலு வார்த்தை கேட்டுவிட்டாவது போயிருப்பார்.

"டீசல்னுதாண்ணே சொல்லுவோம்" என்றேன்.

அவர் மெல்லத் தலையாட்டினார். முகத்தில் ஒரு வெட்கம் வந்தது. தப்பு எங்கே என்று கடைசியில் கண்டுபிடித்துவிட்ட மாதிரி இருந்தார்.

"நாங்க பட்டிக்காடு பாய். எங்களுக்குத்தான் பேரே தெரியல" என்றார். பெட்டியைத் தூக்கி வேனில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து, என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நீங்க படிச்சவங்க. ரூம்ல இருக்க மத்தவங்களுக்காச்சும் சொல்லிக் குடுங்க பாய், கேட்டா டீசல்னு சொல்லணும்னு."